ஆயிலியத்துக்கு ‘டு’வா, அப்பாயியின் பெயரா? பெண்குழந்தைக்குப் பெயர் தேடும் ஒரு தகப்பனின் கேள்வி

பதிவு 1 — ஹட்டன் தகப்பன்

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குப் பெண்குழந்தை பிறந்து இன்றோடு 19 நாள் ஆகிறது. முப்பதாம் நாள் தீட்டுக் கழிக்கும்போது பெயரைச் சொல்லித் தொட்டிலில் போட வேண்டும். மூன்று மாதத்துக்குள் பிறப்புப் பதிவையும் முடித்துவிட வேண்டும். அதற்குள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன.

குழந்தையின் நட்சத்திரம் ஆயிலியம், இரண்டாம் பாதம். கோவில் ஐயர் ‘டி, டு, டே, டோ’ என்று நான்கு எழுத்துகளை எழுதிக் கொடுத்து, அவற்றுள் ‘டு’ மிகப் பொருத்தம் என்றார். கொழும்பில் இருக்கும் என் மைத்துனி, கைபேசியிலிருந்து எடுத்த ஒரு பட்டியலை அனுப்பியிருக்கிறார். டில்ஷிகா, டெனிஷா, டிவிஷா என்று நீளும் அந்தப் பட்டியலில் பாதிப் பெயர்களுக்கு ‘கடவுளின் பரிசு’ என்றும், மீதிப் பாதிக்கு ‘சூரியனின் முதற்கதிர்’ என்றும் பொருள் போட்டிருக்கிறார்கள். என் தாயாரோ தமது மாமியாரின், அதாவது என் அப்பாயியின், பெயரான இராக்கம்மாள் என்பதையே வைக்க வேண்டும் என்கிறார். அந்தப் பெயரோடு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப முடியாது என்று என் மனைவி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. இந்த எழுத்து முறை எங்கிருந்து வந்தது, அதை மீறினால் தவறா? இராக்கம்மாள் என்ற பெயருக்கு உண்மையில் பொருள் உண்டா?

பதிவு 2 — பண்டாரவளை ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, முதற் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஓர் எழுத்தாக 108 எழுத்துகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் இந்த அட்டவணைக்கு அவகஹடச் சக்கரம் என்று பெயர். அந்தப் பெயரிலேயே அதன் இரகசியம் இருக்கிறது. அ, வ, க, ஹ, ட என்ற ஐந்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் அ, இ, உ, எ, ஒ என்ற உயிர்களை ஏற்றிக்கொண்டே போனால் கார்த்திகையிலிருந்து ஆயிலியம் வரையுள்ள ஏழு நட்சத்திரங்களும் நிரம்பிவிடும். கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. மிருகசீரிடத்துக்கு வெ, வொ, க, கி என்று அது ஓடும். ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25 எழுத்து. ஏழு நட்சத்திரத்துக்கோ 28 பாதம். குறைந்த மூன்றையும் திருவாதிரையில் கு என்பதை அடுத்து வேறு மூன்று மெய்களைச் செருகி ஈடுகட்டியிருக்கிறார்கள். ஹகரம் பூசத்தில் முடிந்து, அதே பூசத்தின் கடைசிப் பாதத்தில் டகரம் தொடங்குகிறது. ஆகவே மிச்சமுள்ள டி, டு, டெ, டொ ஆயிலியத்தின் தலையில் விழுந்தன. உங்கள் மகளின் குணத்துக்கும் டகரத்துக்கும் இதைத் தவிர வேறு உறவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நெடுங்கணக்கை ஒரு ஒழுங்கில் அடுக்கிக்கொண்டு வந்தபோது அவளுடைய நட்சத்திரத்துக்கு அந்த இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு வடமொழி ஒலிகளை வைத்துச் செய்யப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு மெய்களும் வாரா. அதனால்தான் நம் முன்னோர் இராமன், இலட்சுமி என்று ஓர் இகரத்தை முன்னே ஒட்டி எழுதினார்கள். டகரத்தில் தொடங்கும் தமிழ்ப்பெயரைத் தேடுகிறவர் எத்தனை அகராதியைப் புரட்டினாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காகவே டில்ஷிகாக்கள் பிறக்கிறார்கள். மலையகத்திலும் வடக்கிலும் கடந்த சில பத்தாண்டுகளாகப் பெருகியுள்ள ட, ஷ, க்ஷ பெயர்களுக்கு இந்த அட்டவணை ஒரு முதற்காரணம் என்பது 30 ஆண்டுகளுக்கு மேல் வரவுப் பதிவேடு வாசித்த என் அனுபவம். எண்சோதிடம் இரண்டாவது காரணம். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

மீறினால் தவறா என்று கேட்டீர்கள். நம் பாட்டன்மாரில் எவருக்கும் இந்த அட்டவணையைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. காதில் மூன்று முறை சொல்வதற்கு ஒரு நட்சத்திரப் பெயரும், அத்தாட்சிப்பத்திரத்தில் எழுதுவதற்கு வேறொரு பெயரும் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இப்போதும் இருக்கின்றன. ஐயரும் அதை மறுக்கமாட்டார்.

பதிவு 3 — கண்டி நூலகப்பூனை

அந்தப் பட்டியல்களில் உள்ள ‘பொருள்’களை நம்ப வேண்டாம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. தனுஷ் என்றால் வில், ஹரிணி என்றால் பெண்மான், அனன்யா என்றால் தனக்கு வேறொன்று இணையாக இல்லாதவள். இவை வடமொழி அகராதியில் உள்ளபடியே சரி. ஆனால் காதுக்கு இனிமையாக இருக்கும்படி இரண்டு மூன்று அசைகளை ஒட்டிச் செய்த பெயருக்கு வேர்ச்சொல்லே கிடையாது. வேர் இல்லாத இடத்தில் பொருளை மட்டும் எங்கிருந்து கொண்டுவருவது? ஒரே பெயருக்கு ஒரு பட்டியல் ‘நிலவு’ என்றும் இன்னொன்று ‘வெற்றி’ என்றும் சொன்னால், இரண்டுமே ஊகம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பதிவு 4 — லிந்துலைப் பெண்

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் அருமை. ஆனாலும் தகப்பனின் மனைவி பக்கம் பேச இங்கே எவரும் இல்லாததால் நான் பேசுகிறேன்.

என் தாயாரின் பெயர் குப்பம்மாள். அவர் தம் பெயரை வெளியாரிடம் முழுமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வைத்தியசாலையில் துண்டு எழுதும்போது தாதி பெயரைக் கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு அடையாள அட்டையை நீட்டிவிடுவார். நான் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், என் தகப்பனார் பெயரின் முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்று கேட்ட ஒருவர், ‘முனியாண்டி’ என்றதும் ‘எந்தத் தோட்டம்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். ஊர் எது என்று கேட்கவில்லை, தேயிலைத் தோட்டம் எது என்றே கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து தம் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தாய் டெனிஷா என்று பெயர் வைத்தால், அதில் பொருள் இல்லையே என்று சிரிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. யாரும் இடம் கண்டுபிடிக்க முடியாத பெயராக இருப்பதே அந்தப் பெயரின் பொருள்.

பதிவு 5 — பண்டாரவளை ஆசிரியர் (ஓய்வு)

மகளே, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நான் ஏளனம் செய்தது போல் ஒலித்திருந்தால் அது என் பிழை.

ஆயினும் குப்பம்மாள் என்ற பெயரை இழிவாக எண்ண வேண்டாம். முன்பு பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், மறுபடி ஒன்று பிறந்தால் அதைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி, ‘இது எங்களுக்கு வேண்டாதது’ என்று காலனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, வேறொருவரைக் கொண்டு எடுத்துவரச் செய்வார்கள். அப்படி எடுத்த பிள்ளை குப்பன், குப்பம்மாள், குப்புசாமி. பிறரிடம் யாசித்துப் பெற்றதாகப் பாவனை செய்த பிள்ளை பிச்சை, பிச்சையம்மாள். எமனை ஏமாற்றுவதற்காகவே அழகில்லாத பெயரை வைத்தார்கள். குளிரும் காய்ச்சலும் குழந்தைகளைக் கொண்டுபோன, தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்களில் இந்தப் பெயர் இத்தனை பேருக்கு இருந்ததன் காரணம் அதுதான். உங்கள் பாட்டி எத்தனை பிள்ளைகளை அதற்கு முன்னர் பறிகொடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் நான் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பெயர்களும் அன்பினால் வைக்கப்பட்டவை அல்ல. ‘சாமி’ என்றும் ‘ஐயா’ என்றும் முடியும் பெயர்களை எளிய சாதியார் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்த ஊர்கள் தமிழகத்தில் இருந்தன. அந்த வழக்கம் கப்பலில் நம்மோடு ஏறி வந்தது. வீட்டில் கருப்பையாவாக இருந்தவர் கங்காணியின் வாயில் கருப்பனாக இருந்தார். தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லே ஒரு நாள் வேலைக்கு ஆகிவிட்டதை யாரும் யோசிப்பதில்லை. தொழிலாளர் வரவுப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மனிதருடைய பெயரை நாளுக்கு நாள் பாதியாக வெட்டிய இடத்திலிருந்து வந்தவர்கள் நாம்.

பதிவு 6 — தலவாக்கலை அந்தோணி

இந்துப் பெயர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுப் பெயர்களையும் கொஞ்சம் பாருங்கள். அருளப்பன் என்பது யோவான். ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்னும் எபிரேயப் பொருளை அப்படியே தமிழாக்கியது. சின்னப்பன் என்பது பவுல். இலத்தீன் மொழியில் ‘பவுலுஸ்’ என்றால் சிறியவன். சூசை என்பது யோசேப்பின் போர்த்துக்கேய வடிவத்திலிருந்து வந்தது, சந்தியாகு என்பது யாகப்பரின் பெயர். ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும் வேளாங்கண்ணி மாதாவின் பிள்ளைகள். எனக்கு மிகவும் பிடித்தது என் பாட்டனின் பெயரான சவரிமுத்து. 1542இல் கோவாவுக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் பெயரிலிருந்து அது பிறந்தது. சவேரியார் என்பதோ அவர் பிறந்த கோட்டையின் பெயர். அந்தக் கோட்டையின் பெயர் பாஸ்க் மொழியில் ‘புதுவீடு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பத்தடி லயக் காம்பராவில் வாழ்நாளைக் கழித்த என் பாட்டனின் பெயருக்குள் ஒரு புதுவீடு இருந்தது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

பதிவு 7 — ஹட்டன் தகப்பன்

எல்லோருக்கும் நன்றி. லிந்துலைச் சகோதரியின் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ‘இதைத்தான் நானும் சொன்னேன்’ என்றார். ஆசிரியர் ஐயாவின் பதிலைத் தாயாருக்கு வாசித்தேன். அவரும் அதையே சொன்னார். என் இரண்டாவது கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. இராக்கம்மாள் யார்?

பதிவு 8 — மாத்தளை வேர்தேடி

இது எனக்கு உரிய கேள்வி.

இராக்கம்மாள், இராக்கு, இராக்காயி எல்லாம் ஒரே பெயர். மதுரைக்கு வடக்கே அழகர்மலையின் மேலே, நூபுரகங்கை ஊற்றின் அருகில், இராக்காயி அம்மன் கோவில் இருக்கிறது. மலையடிவாரத்தில் அழகர் கோவிலும், அதன் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தில் இராக்கம்மாள் என்று ஒருத்தியும், அழகம்மாள் அல்லது அழகர்சாமி என்று ஒருவரும், கருப்பையா என்று இன்னொருவரும் இருந்தால், அந்தக் குடும்பம் மதுரைப் பக்கத்திலிருந்து, பெரும்பாலும் அழகர்மலையைச் சுற்றிய ஊர்களிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே கருப்பையா என்ற பெயர் நிறத்தைப் பற்றியது அல்ல; அது காவல் தெய்வத்தின் பெயர்.

நான் ஏன் இதில் இவ்வளவு ஈடுபாடு காட்டுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் வேறெந்த ஆவணமும் இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பேசி முடித்தபோது, எந்த ஊர் என்று கேட்ட படிவத்துக்கு என் பாட்டனாரால் மாவட்டத்தின் பெயரைத் தவிர எதையும் எழுத முடியவில்லை. கப்பலேறி வந்தது அவருடைய பாட்டனார். ஊர்ப்பெயர் நடுவில் எங்கோ தவறிப்போயிற்று. ஆட்களின் பெயர்கள் மட்டும் தவறவில்லை, ஏனென்றால் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நின்றுபோகவில்லை. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னே போனால், சுடலைமுத்து என்ற பெயர் திருநெல்வேலிப் பக்கத்தையும், சமயபுரத்தாள் என்பது திருச்சியையும் காட்டும். பழனியாண்டி போன்ற பெயர்கள் அவ்வளவு உதவமாட்டா. பழனிக்குக் காவடி எடுக்காத மாவட்டம் எது? மாரியம்மாளும் அப்படியே. மாரி என்றால் மழை, மழை எல்லா ஊருக்கும் பொது.

பெயர் துப்பு மட்டுமே, சாட்சி ஆகாது. அண்டை லயத்தில் இருந்த சிநேகிதியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்களும் உண்டு. உங்கள் அப்பாயியின் உடன்பிறந்தார் பெயர்களையும், குலதெய்வத்தின் பெயரையும் தாயாரிடம் கேட்டு எழுதுங்கள்.

பதிவு 9 — ஹட்டன் தகப்பன்

தாயாரிடம் கேட்டேன். அப்பாயியின் அண்ணன் அழகன், தம்பி கருப்பையா. தங்கை ஒருத்தி பெயர் மீனாட்சி. குலதெய்வம் ‘படிக்கருப்பு’ என்று தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தப் படி என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. கை கொஞ்சம் நடுங்குகிறது, பிறகு எழுதுகிறேன்.

பதிவு 10 — மாத்தளை வேர்தேடி

இதைவிடத் தெளிவான துப்பு எனக்கே கிடைத்ததில்லை.

பதிவு 11 — நானுஓயா எழுதுவினைஞர்

பெயரை முடிவு செய்வதற்கு முன் ஒரு நடைமுறைச் செய்தி. நம் நாட்டில் ஒரு பெயர் மூன்று எழுத்துமுறைகளில் உயிர்வாழ வேண்டும். தமிழில் அழகாக இருக்கும் யாழினி, எழில், கயல்விழி போன்ற பெயர்களில் உள்ள ழகரத்துக்குச் சிங்களத்தில் எழுத்து இல்லை; ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். மாறாக, சிங்களத்தில் ககரத்தின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. காயத்திரி என்று நீங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தால், முதல் எழுத்து ‘காகம்’ என்பதன் முதல் ஒலியா, ‘தங்கம்’ என்பதன் நடு ஒலியா என்பதைப் பதிவாளரே ஊகிக்க வேண்டியிருக்கும்.

என் தம்பியின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் அது விழுந்துவிட்டது. கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது, இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஏறக்குறைய ஓர் ஆண்டை இழந்தோம். எனவே பெயரை மூன்று மொழியிலும் நீங்களே கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பதிவாளர் எழுதி முடித்ததும், கையெழுத்து வைப்பதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாக வாசியுங்கள். பின்னால் கூட்டம் நெரிந்தாலும் வாசியுங்கள்.

பதிவு 12 — பண்டாரவளை ஆசிரியர் (ஓய்வு)

நேற்று இரவு எனக்கு ஒன்று தோன்றியது. இராக்காயி இருக்கும் அந்த நூபுரகங்கைக்குப் பழைய தமிழ்ப்பெயர் சிலம்பாறு. நூபுரம் என்றாலும் சிலம்பு என்றாலும் பெண்கள் காலில் அணியும் ஆபரணந்தான். அதோடு சங்கத் தமிழில் சிலம்பு என்றால் மலைச்சரிவு; மலையில் எழும் எதிரொலிக்கும் அதே சொல்; குறிஞ்சி நிலத் தலைவனைச் சிலம்பன் என்றே அழைத்தார்கள். மலையில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, மலைமேல் உள்ள ஊற்றைக் காக்கும் இராக்காயியின் ஆற்றுப்பெயரை வைத்தால், பாட்டியின் பெயரையும் விடவில்லை, மருமகளின் விருப்பத்தையும் தட்டவில்லை. ழகரம் இல்லை என்பதால் நானுஓயாக்காரரும் மகிழ்வார்.

சிலம்பு என்றே வைக்கலாம். நீளம் வேண்டுமானால் சிலம்பரசி. பெண்பால் விகுதி சேர்க்கிறேன் என்று சிலம்பி என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அது சிலந்திப்பூச்சி.

பதிவு 13 — லிந்துலைப் பெண்

நன்றாக இருக்கிறது. ‘எந்தத் தோட்டம்’ என்று கேட்பவர்கள் இதற்கும் கேட்பார்கள். ஆனால் பதிலாகச் சொல்ல ஒரு கதை அவளிடம் இருக்கும். என் தாயாரிடம் கேட்டேன் ஐயா. அவருக்கு முன் மூன்று பேர்.

பதிவு 14 — ஹட்டன் தகப்பன்

சிலம்பரசி என்று முடிவாகிவிட்டது. மனைவி அந்தப் பெயரை இரண்டு முறை சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். மாமியாரின் மாமியார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை எப்படித் திட்டுவது என்ற சங்கடமும் அவர் மனதில் இருந்ததாம். அது இப்போதுதான் வெளியே வந்தது. முன்காலத்தில் மருமகள்கள் இதற்காகவே வீட்டுப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டார்கள் என்று தாயார் சொன்னார். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடக்கிறது. பதிவேட்டில் சிலம்பரசி, தாயாரின் வாயில் இப்போதே ‘ராக்கு’. நட்சத்திர எழுத்துக்காக ஐயர் காதில் ஓதப்போகும் பெயரை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

நானுஓயா அண்ணன் சொன்னபடி மூன்று மொழியிலும் எழுதிப் பார்த்தபோது, சிங்களத்தில் ‘ம்ப’ என்பதை வல்லொலியாக எழுதுவதா, மெல்லொலியாக எழுதுவதா என்ற கேள்வி உடனே வந்தது. ‘பாம்பு’ என்பதில் ஒலிப்பதைப் போல என்று குறித்து, அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

பதிவு 15 — மஸ்கெலியா புதியவர்

வணக்கம். எங்கள் மகனுக்கு அத்தம் நட்சத்திரம், மூன்றாம் பாதம். எழுத்து ‘ண’ என்று கொடுத்திருக்கிறார்கள். ணகரத்தில் தொடங்கும் நல்ல தமிழ்ப்பெயர் இருந்தால் அவசரமாகச் சொல்லவும்.

பதிவு 16 — பண்டாரவளை ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, பதிவு 2ஐ வாசியுங்கள். வாசித்த பின் பாட்டனாரின் பெயர் என்ன என்று எழுதுங்கள்.